குறட்டில் இருந்த சிவப்பு

1

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் பனியில் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பனி பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாக அதை வாசலிலிருந்து மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறவனுக்கு அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. நான் எழுத வந்தது ஆயுத பூசையைப் பற்றி. நாளை மறுநாள் ஆயுத பூசை. இந்த வருஷம் என் கிளினிக்கில் அது கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊரான தேவாரத்தில் இதைப் படிப்பவர்கள் இருப்பீர்கள். பெயர்களை மாற்றிவிட்டேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை. யாரைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று கண்டுபிடித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பல் டாக்டர். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெயர் சொன்னாலும் உங்களுக்கு விளங்காத ஒரு ஊரில், சொந்தமாகச் சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு வரவேற்பறை, பின்னால் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறை. இங்குள்ள சனங்கள் வாயைத் திறக்கச் சொன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திறப்பார்கள். வலித்தாலும் மன்னிப்பு, பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாலும் நன்றி. நம் ஊரில் ஊசி போட்டதும் டாக்டரின் தாத்தன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள். அந்தத் திட்டு எனக்குப் பிடிக்கும். அதில் பொய் கிடையாது.

2

அப்பா தேவாரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். போடி ரோட்டில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி. சுற்றுப்பட்டுத் தோட்டங்களில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் மாட்டு வண்டியிலோ டெம்போவிலோ ஏறி அங்குதான் வரும். ஆயுத பூசை அன்று கடை பார்க்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். காயில் சுற்றும் மிஷின், ஸ்பேனர், சுத்தியல், தராசு, டிவிஎஸ் வண்டி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு வந்து எங்கள் கடை முன்னால்தான் பூசணிக்காய் உடைக்கும். பூசை போட்டுவிட்டால் கருவியைத் தொடக்கூடாது. மறுநாள் காலை மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்கு எவனுடைய மோட்டார் எரிந்தாலும், பயிர் காய்ந்தாலும், அப்பா தொட மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் கல்.

நான் பல் டாக்டருக்குப் படித்துத் தேறியதும் அப்பா மதுரைக்குப் போய் எனக்கு ஒரு குறடு வாங்கி வந்தார். மேல் கடவாய்ப் பல் பிடுங்கும் குறடு. மகனின் தொழிலுக்கும் ஒரு ஸ்பேனர் வேண்டும் என்று அவருக்கு நினைப்பு. அந்தக் குறடு இன்னும் என்னிடம் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூசை அன்று கிளினிக்கில் அதை ஒரு தட்டில் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வீடியோவில் அப்பாவுக்குக் காட்டுவேன். கோயிலுக்குப் போகாதவன், விரதம் இருக்காதவன், மாட்டுக்கறி தின்கிறவன் நான். இந்த ஒன்றை மட்டும் விட்டதில்லை.

3

ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் மலையடிவாரத்தில் ஒரு கிறிஸ்தவ ஊர். ஊரே கத்தோலிக்கர்கள், வீட்டுக்கு ஒரு வாத்தியாராவது இருப்பார். அங்கே ஓய்வுபெற்ற சவரிமுத்து வாத்தியாரின் மகள் அவள். பல் டாக்டருக்கே படித்தவள். ஆனால் நம் ஊர்ப் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே நேரடியாக டாக்டராக முடியாது. இரண்டு கட்டமாகத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதுவரை நர்ஸாக இருக்கலாம். வாத்தியார் என் அப்பாவிடம் சொல்ல, அப்பா என்னிடம் சொல்ல, நான் என் கிளினிக்கின் பெயரில் விசா எடுத்துக் கொடுத்து அவளை வரவழைத்தேன். விசா என் வேலையோடு கட்டியது. நான் வேலையை விட்டு நிறுத்தினால் இரண்டு மாதத்துக்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு விமானம் ஏற வேண்டும்.

அவளை வரவழைத்ததில் எனக்குப் பெருமை. விமான நிலையத்தில் எடுத்த படத்தை நம் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு, நம்ம பக்கத்துப் பிள்ளை என்று எழுதினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஒருவருக்கு உதவி செய்தால் அவர் நமக்குச் சொந்தமாகிவிட்டார் என்று ஒரு எண்ணம் வந்துவிடும். எனக்கு வந்தது.

வேலையில் அவள் நறுவிசு. கிளினிக்கில் என்னை டாக்டர் என்பாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அண்ணே என்பாள். கருவிகளை ஒன்றொன்றாகப் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரு பக்கம் காகிதமும் ஒரு பக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள பையில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டியில் வைப்பாள். பையின் மேல் தேதியும், சுத்தம் செய்த ஆளின் இனிஷியலும் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அவள் காலையில் வந்ததும் அன்றைக்கு வேண்டிய பைகளில் தேதி முத்திரை குத்தி, ஓரத்தில் தன் இனிஷியலைப் போட்டு அடுக்கி வைத்துவிடுவாள். முன்கூட்டியே இனிஷியல் போடாதே என்று நான் ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

4

போன வருஷம் ஆயுத பூசைக்கு மறுநாள் எங்கள் கிளினிக்கில் அரசாங்க ஆய்வு. பத்து நாள் முன்னாலேயே கடிதம் வந்துவிட்டது. இங்கே ஆய்வு என்றால் தேநீர் கொடுத்து, கை குலுக்கி அனுப்பிவிடுகிற கதை இல்லை. கிளினிக்கை மூடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அறிக்கையை இணையத்தில் போட்டுவிடுவார்கள், யாரும் படிக்கலாம். நாங்கள் பத்து நாளும் காகிதம் தேடினோம். தீயணைப்புப் பயிற்சி எப்போது நடந்தது, மயக்கம் வந்தால் கொடுக்கும் மருந்துக்குக் காலாவதி எப்போது, எக்ஸ்ரே மிஷினைக் கடைசியாக யார் சோதித்தது. ஜெசிந்தாதான் எல்லாவற்றையும் கோப்பில் சேர்த்தாள். அவளுடைய இரண்டாம் கட்டத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பாள்.

பூசை அன்று அவளுக்குத் தேர்வு வகுப்பு. நான்கு மணிக்கே போய்விட்டாள். ஐந்து மணிக்கு என் மகள் மது பள்ளி விட்டு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு. தமிழ் கேட்டால் புரியும், பேசுவது கொஞ்சம். இருவரும் பூசை போட்டோம். நாற்காலிக்கு ஒரு பொட்டு, ஆட்டோகிளேவுக்கு ஒரு பொட்டு. குறட்டை அதன் பையிலிருந்து பிரித்துத் தட்டில் வைத்தேன். மது அதற்குச் சந்தனம் தடவி, இரண்டு தாடையும் சேரும் மூட்டில் குங்குமத்தை அப்பினாள். ஆய்வு நல்லபடி முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்பா வீடியோவில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, பொருளை இன்னிக்கித் தொட்டுராத. காலையில மறுபூசை போட்டு எடுத்துக்க."

சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு ஆய்வு அதிகாரி வருகிறாள், நான் மறுபூசைக்கு எங்கே போவேன்? நாற்காலியையும் பெட்டியையும் துடைத்தேன். குறடு மட்டும் மிச்சம். இங்கேதான் நான் தவறினேன். கருவி கழுவும் தொட்டி எங்களிடம் ஒன்றே ஒன்று. நாளெல்லாம் ரத்தமும் எச்சிலும் சீழும் ஓடுகிற தொட்டி. சாமிக்கு வைத்த குங்குமத்தை, அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்ட பொருளை, அந்தத் தொட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. பல் மருத்துவத்தில் இருபத்தைந்து வருஷம் ஆனவன், நோயாளிகளுக்குக் கிருமி என்றால் என்னவென்று வகுப்பெடுக்கிறவன், ஈரக் காகிதத்தால் குறட்டை ஒற்றித் துடைத்துவிட்டு, ஜெசிந்தா அடுக்கி வைத்திருந்த பையில் ஒன்றை உருவி, அதில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் வைத்துப் பொத்தானை அமுக்கினேன்.

5

ஆய்வுக்கு வந்தவளுக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். குரல் அவ்வளவு மெத்து. அந்த மாதிரிக் குரலில்தான் இங்கே தூக்குத் தண்டனையையும் வாசிப்பார்கள். கோப்புகளைப் பார்த்துப் பாராட்டினாள். ஜெசிந்தாவிடம் பத்துக் கேள்வி கேட்டாள், பத்துக்கும் சரியான பதில். பதினொன்றரை மணிக்கு, கிளம்பப் போகிறாள் என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், இழுப்பறையைத் திறந்து கைக்கு வந்த பைகளில் நாலைந்தை எடுத்தாள். மூன்றாவது பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு அதைப் பிரித்தாள்.

குறட்டின் மூட்டில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. நீராவியில் வெந்த குங்குமம் காய்ந்த ரத்தம் மாதிரியே இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இதைச் சுத்தம் செய்தது யார் என்று கேட்டாள். பையைத் திருப்பி ஓரத்தில் இருந்த இனிஷியலைப் படித்தாள். மூன்று பேரும் அந்தக் குறட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. யார் வைத்தது என்பதும் தெரிந்துவிட்டது. நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள்.

நான் கணக்குப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, நிறையப் பேர் இந்த மாதிரி நேரத்தில் மூளை ஓடவில்லை என்று கதை விடுவார்கள். என் மூளை நன்றாகவே ஓடியது. ரத்தம் என்றால் நர்ஸின் கவனக்குறைவு. மறுபடி பயிற்சி, ஒரு குறிப்பு, முடிந்தது. குங்குமம் என்றால், ஆய்வுக்கு முதல் நாள் கிளினிக்கின் முதலாளி அறுவைக் கருவியில் பொடி தடவி, கழுவாமல் பையில் போட்டு, இன்னொருத்தி இனிஷியலில் ஒட்டியிருக்கிறான். என் லைசென்ஸ் போகும். அதைவிடப் பெரிது ஒன்று. இருபத்திரண்டு வருஷமாக நாக்கிலிருந்து தேவாரத்தை அரம் வைத்து ராவி எடுத்து, இவர்களில் ஒருவனாக நிற்கிறவன் நான். அந்த அம்மாள் முகத்தில் ஒரு இரக்கச் சிரிப்பு வரும், பாவம், இவர்கள் இப்படித்தான் என்று. ரத்தத்துக்கு அவளிடம் படிவம் இருக்கிறது. குங்குமத்துக்கு எந்தப் படிவமும் இல்லை.

கருவிகளைச் சுத்தம் செய்வது எங்கள் நர்ஸ்தான், மிகவும் வருந்துகிறேன், உடனே கவனிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் அன்றைக்குப் பிசிறே இல்லாமல் வந்தது.

அந்த அம்மாள் ஜெசிந்தா பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டாள். முதல் நாள் நான்கு மணிக்கே ஜெசிந்தா போய்விட்டதற்கு வருகைப் பதிவில் நேரம் இருந்தது. அந்தக் கோப்பு மேசை மேல், அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சாயந்திரம் கிளம்பும் போது என் அறை வாசலில் வந்து நின்றாள். கிளினிக்கில் முதல் தடவையாக அண்ணே என்றாள்.

"நீங்க சொல்லிருவீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன், அண்ணே."

பயிற்சி போட்டுச் சரிக்கட்டிவிடலாம், ஒன்றும் பெரிசு இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

6

வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையில் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா சரியாகக் கழுவவில்லை என்றுதான் சொன்னேன். மது தட்டிலிருந்து தலையைத் தூக்கி, அது நான் வைத்த பொட்டு அல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். தமிழில்தான் சொன்னேன். என்னிடம் அவள் தமிழ் பேசுவது அதோடு நின்றது. இப்போது நான் தமிழில் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக, பதில் வருகிறது. பிள்ளைகள் இங்கே கைவிட்டுப் போவதைப் பற்றி நண்பர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பள்ளிக்கூடம் காரணம், டிவி காரணம், குளிர் காரணம். என் வீட்டில் காரணம் என்னவென்று எனக்குத் தெரியும்.

பத்து நாளில் படிவம் வந்தது. கண்ட குறை, எடுத்த நடவடிக்கை என்று இரண்டு கட்டம். நடவடிக்கை என்ற கட்டத்தில் மறுபயிற்சி என்று எழுதினாலே போதும். யாரும் என்னை அதற்கு மேல் கேட்கவில்லை. நான், சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அவள் என்னைக் காட்டிக் கொடுத்துவிடுவாள் என்று பயமா? கிடையாது. கொடுக்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் தாங்கவில்லை. தினமும் காலையில் எனக்கு முன்னால் வந்து, பைகளை அடுக்கி, குட் மார்னிங் டாக்டர் என்று எப்போதும் போலச் சொல்வாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால்கூட மன்னித்திருப்பேன். என் கிளினிக்கில் நான் என்ன செய்தேன் என்று தெரிந்த ஒரு ஆள் நடமாடுவதை நான் வெறுத்தேன். அவளை வெறுத்தேன் என்றே எழுதுகிறேன், அதுதான் உண்மை.

இரண்டு மாதத்தில் அவளுக்கு வேறு வேலை அமையவில்லை. விண்ணப்பித்த இடங்களிலிருந்து எனக்குப் படிவம் வந்தது, இவரை மறுபடி வேலைக்கு வைப்பீர்களா என்று. மூன்று படிவத்திலும் இல்லை என்று டிக் அடித்தேன். ஆமாம் என்று அடித்தால் ஆய்வுக்கு எழுதிய பதிலோடு இடிக்கும் அல்லவா? தேர்வை எழுதத்தான் செய்தாள். அந்த மனநிலையில் எழுதியதில் தேறவில்லை. ஊருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். மறு ஆய்வுக்கு வந்த அதே அம்மாள், நிலைமையைத் திறம்படக் கையாண்டதாக என்னைப் பாராட்டி எழுதினாள். அது இணையத்தில் இருக்கிறது.

7

மே மாதம் தேவாரம் வந்தேன். அப்பாவுக்குக் காது மந்தம். கடையை விட்டு நாளாகிவிட்டது. வந்த மூன்றாம் நாள் காலையில் வாசலில் டிவிஎஸ் வண்டி நின்றது.

"ஏலே, வாத்தியாரு வந்துருக்காக பாரு" என்று அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

சவரிமுத்து வாத்தியார் ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை கொண்டு வந்திருந்தார். தோளில் துண்டு, சட்டைப் பையில் பேனா. வெயிலில் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்பா காப்பி சொல்ல உள்ளே போனார். அப்பா பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது. அவர் அங்கே இல்லை. நானும் வாத்தியாரும் மட்டும்தான்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் முதலில் நன்றி சொன்னார். மகளை அவ்வளவு தூரம் கூட்டிப்போய் வேலை கொடுத்ததை மறக்கவில்லை என்றார். மகள் எதுவும் சொல்வதில்லையாம். வேலை போச்சுப்பா, அவ்வளவுதான் என்கிறாளாம். சின்னமனூரில் ஒரு கிளினிக்குக்கு அரை நாள் போய் வருகிறாள். பரீட்சைப் புத்தகத்தை எல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். இந்த நிலையில் அவர்கள் ஊர்ப் பையன் ஒருவன், லண்டனில் இருப்பவன், இணையத்தில் இருந்த அறிக்கையைத் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் பெயர் இல்லை. நர்ஸ் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சின்னப் பிள்ளையில இருந்து கோயில் பீடத்துணி துவைக்கிறது அவதான், டாக்டரு. ஒரு பொட்டு அழுக்கு நிக்காது. ஊர்ல ஆளுக்கொண்ணு பேசுறாக. நான் எவனையும் நம்பல. நீங்க பக்கத்துல இருந்து பாத்தவுக. நீங்க சொன்னாச் சரி. எம் மக அப்பிடிச் செஞ்சாளா?"

அவருக்கு வேண்டியது லெட்டரோ வேலையோ இல்லை. இல்லை வாத்தியாரே என்று இரண்டு வார்த்தை. இங்கிலாந்து அங்கிருந்து எத்தனையோ ஆயிரம் மைல். அந்த வாசலில் ஆய்வு அதிகாரியும் இல்லை, படிவமும் இல்லை. சொன்னால் என் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை; அவர் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறார்? எல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. உள்ளே அப்பா டம்ளர் தேடும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார். அவருக்கு முன்னால் நான் நல்ல மகன்.

"நல்ல பிள்ளைதான், வாத்தியாரே. கொஞ்சம் கவனம் பத்தல" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். நாற்பது வருஷம் வகுப்பறையில் நின்றவர், பிள்ளை மேல் புகார் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அறிந்தவர், எழுந்து நின்று எனக்குக் கை கூப்பினார்.

"மனசுல வச்சுக்கிறாதீக, டாக்டரு. வீட்டுக்குப் போயிக் கண்டிச்சு வைக்கிறேன்."